ஒன்றுக்கு இருபது

சிவப்புக் கோடு வெட்டும், நீலக் கோடு கீறும். முதல் நாளில் எல்சீராவுக்குப் புரிந்தது இது மட்டும்தான்.

மற்றதைக் கற்றுக்கொள்ள எட்டு சனிக்கிழமைகள் ஆயின.

துறைமுக நகரமான வால்பரைசோவில் மலைமேல் உள்ள நூலகத்தின் பின்னறை. ஆறு கணினிகள், ஒரு லேசர் வெட்டும் இயந்திரம். கூடப் படித்த ஐந்து பேரும் கல்லூரிப் பிள்ளைகள். பாலம் வரைந்தார்கள், கோபுரம் வரைந்தார்கள்.

எல்சீரா தன் வீட்டை வரைந்தாள்.

அறுபத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் மலையேறும் விஞ்சு ரயிலுக்குச் சீட்டுக் கொடுத்தவள். சின்ன ஜன்னல், அதில் வந்து போகும் கைகள். பேசியவர்கள் குறைவு. ஓய்வு பெற்றபின் அந்தக் கைகளும் இல்லை.

மூன்றாவது வாரம் அட்டையின் ஓரம் கருகிப்போய் வந்தது. சொல்லிக்கொடுக்கும் பெண் யாஸ்னா திரையைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"ஒரே இடத்துல ரெண்டு கோடு போட்டிருக்கீங்க அத்தை. நம்ம கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். மிஷின் ரெண்டு தடவை சுட்டுடும்."

ஐந்தாவது வாரம் சுவர்கள் நிற்கவில்லை. மூன்று மில்லிமீட்டர் அட்டையைச் செருக இரண்டு மில்லிமீட்டர் பள்ளம் வைத்திருந்தாள். வீட்டு அளவும் தப்பியிருக்குமோ என்று, போய் மறுபடி டேப்பை எடுத்து, கதவிலிருந்து அடுப்பு வரை, அடுப்பிலிருந்து குளியலறைப் படி வரை, மண்டியிட்டு அளந்தாள். ஒன்றுக்கு இருபது. தன் வீட்டை இருபதால் வகுத்தால் ஒரு தட்டில் அடங்கிவிடும் என்பது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை.

"சுவரை ஏன் இவ்ளோ குட்டையா வெக்கிறீங்க?" என்றாள் யாஸ்னா.

"விரல் உள்ள போகணும்."

"ஓ, பேரப்பிள்ளைக்கா?"

எல்சீரா அடுத்த கோட்டை இழுத்தாள். பிள்ளையே இல்லாதவளுக்குப் பேரப்பிள்ளை ஏது?

எட்டாவது சனிக்கிழமை எல்லாம் பொருந்தின. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் சுட்ட அட்டை வாசனையோடு வீட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, துறைமுகக் காற்று பிய்த்துவிடாமல் மேல்கோட்டுக்குள் மறைத்து, தன் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வந்தாள்.

அவள் வீடு இருக்கும் மூன்றாம் மாடி வந்தது. அவள் நிற்கவில்லை. இன்னொரு மாடி ஏறினாள்.

நான்காம் மாடியில் எரால்தோ. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். போன குளிர்காலத்தில் சர்க்கரை நோய் அவர் கண்களை எடுத்துக்கொண்டது. அதிலிருந்து மேலே சத்தம். நாற்காலி சாயும். ஏதோ சுவரில் இடிக்கும். ஒவ்வொரு முறையும், ரொட்டியில் அவகாடோ தடவிக்கொண்டிருக்கும் எல்சீராவின் கை அப்படியே நின்றுவிடும். பாவம், முட்டிக்கொள்கிறார்.

போய்க் கதவைத் தட்டலாம். தட்டி என்ன சொல்வது? அவள் இங்கே குடிவந்த பதினோரு வருடத்தில் படிக்கட்டில் சொன்ன வணக்கங்கள் தவிர அவர்களுக்குள் பேச்சே கிடையாது.

வெறுங்கையோடு போக அவளுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் நூலக வாசலில் அந்த வகுப்பின் அறிவிப்பைப் பார்த்தாள். மேல் வீடும் கீழ் வீடும் ஒரே அளவு. தன் வீட்டை அளந்தால் போதும், அவருடையது வந்துவிடும்.

கதவு திறந்தது. எரால்தோ காதை முன்னால் நீட்டியபடி நின்றார்.

"நான் கீழ்வீட்டு எல்சீரா. உங்களுக்கு ஒண்ணு செஞ்சிருக்கேன்."

மேஜையில் வைத்து, அவர் கையைப் பிடித்து வாசலில் வைத்தாள். தடித்த விரல்கள் மெல்ல உள்ளே போயின. நடை. சமையலறை. குளியலறைப் படியில் கொஞ்சம் நின்றன. ஜன்னல் வரை போய்த் திரும்பி, மறுபடி வாசலுக்கு வந்தன.

"நம்ம வீடு" என்றார்.

"ஆமா. இனிமே முட்டிக்காம நடக்கலாம்."

அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"முப்பது வருஷமா இருக்கிற வீடும்மா இது. கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன்."

"அப்ப அந்தச் சத்தம்?"

எரால்தோவின் விரல் அட்டைச் சுவரின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

"நாற்காலியை நான்தான் தள்ளிவிடுவேன். கீழேருந்து யாராவது திட்டவாவது வருவாங்களான்னு பார்த்தேன்."