கண்டிப்பான டீச்சர்

தையல்காரி தன் ஆறு வயது மகளோடு தலைமையாசிரியையைப் பார்க்க வந்தாள்.

"டீச்சர் ரொம்பக் கண்டிப்பு மேடம். 'ற'வோட வால் கோணிப் போனா பத்து தடவை எழுதச் சொல்றாங்க. கை வலிக்குதுன்னாலும் விடறதில்ல."

தலைமையாசிரியைக்கு நம்ப முடியவில்லை. "ஒண்ணாம் வகுப்பு டீச்சரா? அவங்க மணல்ல விரலால எழுத வெச்சு விளையாட்டாத்தானே சொல்லிக் குடுப்பாங்க? இருங்க, கூப்பிட்டுக் கேக்கறேன்."

"ஐயோ, அவங்க தங்கமானவங்க. நான் சொல்றது இவளை," என்று மகளைக் காட்டினாள். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது மேடம். இங்க படிச்சதைத் தினமும் வீட்டுல எனக்குச் சொல்லித் தர்றா."

தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு சிறுமியிடம் கேட்டார். "அம்மாவைக் கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாமே?"

"விடலாம் மிஸ். ஆனா இன்னிக்கு வீட்டுப்பாடம் எழுதாமத்தான் உங்ககிட்ட வந்திருக்காங்க."