கறுப்பு முக்காடு

"சாயப்பொடி வேண்டாம் தாயி. கடுக்காயும் இரும்பு ஊறுன தண்ணியும் சேத்து ஏத்துற பழைய கறுப்புதான் வேணும்" என்று மூன்றாவது முறையாக வந்து நின்றார் லூர்தம்மாள்.

காளவாசல் பகுதியில் லேஸ் பின்னிக் கொடுக்கும் சகாயராணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. லூர்தம்மாளின் மகன் ஸ்டீபன் இறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. பூசைக்குப் போகும்போது அவன் மனைவி டயானா தலையில் போட்டுக்கொள்ளத்தான் இந்த முக்காடு.

"அக்கா, அந்தக் கறுப்பு நூலையே தின்னுரும். ரெண்டு வருசத்துல இத்து உதிந்துரும்."

"தெரியும். அதையே போடு."

"டயானா எங்கிட்ட ஆயுசுக்கும் உழைக்கிற மாதிரி கேட்டுச்சே?"

"அவகிட்ட மூச்சு விட்டுராத."

தாலி இழந்து நிற்கும் மருமகளுக்கு ஒரு முக்காட்டில்கூட வஞ்சகமா? சகாயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூல்கண்டைத் தள்ளி வைத்தாள்.

"அந்தப் புள்ளைய ஏமாத்த என்னால முடியாதுக்கா. வேற ஆளப் பாருங்க."

லூர்தம்மாள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். பிறகு சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த முக்காடு இத்துக் கிழியுற வரைக்கும் இன்னொரு கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு மாதா முன்னால எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. அதான் உங்கிட்ட அம்புட்டு கெட்டியாக் கேட்டிருக்கா. அவளுக்கு இருபத்தாறுதான் ஆகுது ராணி."

சகாயராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நூல்கண்டை மடியில் எடுத்து வைத்தாள்.

"இரும்புத் தண்ணியக் கொஞ்சம் கூடவே ஊத்துறேன்க்கா. ரெண்டு வருசமெல்லாம் எதுக்கு?"