மூணே முக்கால் மார்க்

"நன்றி கெட்டவளே! ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உன் பக்கத்துல உட்கார்ந்து பரீட்சை எழுதிக் கொடுத்தவங்க மேலயே பழி போடறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

பெரியவளின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினாள். அவ்வளவு ஆத்திரம்.

"பழி போடலைக்கா. விடைத்தாளைத் திரும்பப் பார்க்கச் சொல்லி மனு போடணும்னுதான் சொல்றேன். இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது. நீ டைப் பண்ணிக் கொடு, போதும்."

சின்னவள் குரலை உயர்த்தவே இல்லை. அது பெரியவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சின்னவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அரசு வங்கி வேலைக்கு நாலாவது தடவையாகப் பரீட்சை எழுதியிருந்தாள். தேற வேண்டிய மார்க் எழுபத்திரண்டு. அவளுக்கு வந்தது எழுபத்தொன்றே கால். முக்கால் மார்க்கில் கோட்டை விட்டாயிற்று. இதோடு வயது வரம்பும் முடிகிறது. அடுத்த வருஷம் விண்ணப்பமே போட முடியாது.

பெரியவளுக்கு மட்டும் வலிக்காதா? நாலு வருஷமாக ஆபீஸ் விட்டு வந்த அலுப்போடு பொது அறிவுப் புத்தகங்களைப் படித்துப் படித்துப் போனில் பதிவு செய்து கொடுத்துத் தொண்டை வறண்டவள் அவள்தானே!

பார்வையில்லாதவர்கள் இந்தப் பரீட்சைக்கு உதவியாக ஒருவரை அழைத்துப் போகலாம். கேள்வியைப் படித்துக் காட்டி, சொல்கிற விடையைக் கம்ப்யூட்டரில் குறிக்க வேண்டியதுதான் அவர் வேலை. எதிர்வீட்டில் அஞ்சாம் வகுப்பு வரை டியூஷன் எடுக்கும் டீச்சரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தவளும் பெரியவள்தான். அந்த மகராசி முகம் சுளிக்காமல் வந்தாள். முடித்துத் திரும்பியபோது ஒரு டம்ளர் காபிகூட வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

"தோத்துட்டா தோத்துட்டேன்னு ஒத்துக்கடி. அதை விட்டுட்டு ஊர்ல இருக்கறவங்க மேல எல்லாம்..."

"கணக்கு இடிக்குதுக்கா. வெளியில வந்த உடனே, நான் சொன்ன விடை அத்தனையையும் போன்ல பதிவு பண்ணினேன், நீதான் பக்கத்துல இருந்தே. நேத்து வெளியிட்ட சரியான விடைகளைப் போனையே படிக்க வச்சு ஒப்பிட்டுப் பார்த்துட்டேன். எண்பத்தஞ்சு கேள்விக்கு பதில் சொன்னேன். எழுபத்தேழு சரி. எட்டு தப்பு. தப்புக்குக் கால் மார்க் வீதம் ரெண்டு போகும். எழுபத்தஞ்சு வந்திருக்கணும். மூணே முக்கால் குறையுதே, அது எங்க போச்சு?"

"ஏதாவது மாத்திப் பதிவு பண்ணியிருப்பே. அத்தனை கேள்வி யாருக்குடி ஞாபகம் இருக்கும்?"

"எனக்கு இருக்கும். எட்டு தப்பும் பொது அறிவுல. கணக்குல ஒண்ணுகூட தப்பில்ல."

"அப்ப டீச்சர்தான் தப்பா அமுக்கிட்டாங்க, அதானே?"

"கம்ப்யூட்டர் கோளாறா, டீச்சர் கை தவறிடுச்சா, எனக்கு எப்படிக்கா தெரியும்? அதைத்தானே கேட்கணும்ங்கறேன்."

மனுவில் உதவியாளரின் பெயரையும் எழுத வேண்டும். அங்கேதான் பெரியவளுக்குக் கை வரவில்லை. நாளைக்கு விசாரணை என்று அந்த அம்மாவைக் கூப்பிட்டு நிற்க வைத்தால், எதிர்வீட்டில் எந்த முகத்தோடு முழிப்பது?

"என் கையால அதை டைப் பண்ண மாட்டேன். உன் தோல்விக்கு ஒரு நல்ல மனுஷியைக் காவு கொடுக்க என்னால முடியாது."

சின்னவள் விடவில்லை. "மூணே முக்கால் மார்க் இல்லக்கா அது. என் வேலை" என்றாள்.

மணி நாலேகால். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சரேதான், கையில் ஒரு பை ஆப்பிளோடு.

பெரியவள் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"விஷயம் கேள்விப்பட்டேம்மா. மனசே ஆறல. சாப்பிட்டாளா அவ?"

"சாப்பிட்டேன் டீச்சர்" என்றாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சின்னவள். அப்புறம் நேராகக் கேட்டுவிட்டாள். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. எல்லாக் கேள்விக்கும் நான் சொன்னதைத்தானே போட்டீங்க?"

"வாயை மூடுடி!" பெரியவள் பாய்ந்தாள். "என்ன பேச்சு பேசறே? பெத்தவங்ககூட இவ்வளவு செய்ய மாட்டாங்க. டீச்சர், நீங்க மன்னிக்கணும். வேலை போன ஆத்திரத்துல என்ன பேசறோம்னே தெரியாமப் பேசறா. இவளுக்காக நான் உங்க கால்ல வேணாலும் விழறேன்."

டீச்சருக்குக் கோபமே வரவில்லை. சின்னவளின் தலையைத் தடவிக் கொடுத்தபடி பெரியவளிடம் சொன்னாள்:

"அவளைத் திட்டாதேம்மா, பாவம், கண்ணு தெரியாத குழந்தை. நான் என்னால முடிஞ்சதைச் செஞ்சேன். கடைசியில மூணு கணக்குக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னா. அவகிட்ட சொன்னா மனசு நோகுமேன்னு, நானே சத்தங்காட்டாம சரியான விடையா மாத்திப் போட்டுட்டேன்."