ரொட்டிக்குள் வைத்த போன்

பள்ளி இறுதித் தேர்வு முடிவு கேட்டு, தேர்வு எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பி ஏழு நிமிஷம் ஆகிவிட்டது. போன் வாயைத் திறக்கவில்லை.

வோட்டே சந்தையில் அம்மாவின் சடை பின்னும் கடை. பாதி பின்னிய தலையோடு வாடிக்கைக்காரி ஒருத்தி உட்பட எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சி பிளஸ் வந்தால் எனக்குப் பல்கலைக்கழகம். போனும் எனக்கே. அது அம்மா கொடுத்த வாக்கு.

இந்தப் பாழாய்ப்போன போனால்தான் மூன்றாம் படிவத்தில், அதாவது கடைசி வருஷத்துக்கு முந்தின வகுப்பில், டி கிரேடு வாங்கினேன். போர்வைக்குள் வீடியோ, வகுப்பில் தூக்கம். அப்போதும் புத்தி வந்ததா? போன ஜனவரியில் ஒரு முழு பிரெட் ரொட்டியைக் குடைந்து, உள்ளே போனை வைத்து, போனுக்குத் தடையுள்ள பள்ளி விடுதிக்குக் கொண்டுபோனேன். வாசலில் பெட்டியைச் சோதிக்கும்போது ரொட்டிக்குள் அலாரம் அடித்தது. அதை அணைக்க மறந்த மடச்சி நான்.

அம்மாவை வரவழைத்து, ரொட்டியும் போனுமாகக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்தால், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அம்மா அதே போனில் மூழ்கிக் கிடக்கிறாள்! எட்டிப் பார்த்தால் அணைத்துவிடுவாள். என்னைப் பிடித்த பேய் உன்னைப் பிடித்துவிட்டதா என்று கேட்டேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

போன் சிணுங்கியது.

கதுங்கே, அதாவது நான். சி பிளஸ்.

கடையே குலவையிட்டது. பாதிச் சடைக்காரி எழுந்து ஆடினாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா மட்டும் ஆடவில்லை. இடுப்புத்துணி முடிச்சிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினாள். அதில் இன்னொரு தேர்வு எண்.

பக்கத்துக் கடைப் பெண்ணுடையதாக இருக்கும் என்று நினைத்து அனுப்பினேன். இந்த முறை பதில் உடனே வந்தது. உரக்கப் படித்தேன்.

வயூவா கிதேகா. பி மைனஸ்.

"யாருடி அது வயூவா?" என்றாள் பாதிச் சடைக்காரி.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வயூவா என் அம்மாவேதான்; பதினெட்டு வருஷமாக ஊருக்கு அவள் வெறும் 'கதுங்கே அம்மா'. அவள் மூன்றாம் படிவம் படிக்கும்போது நான் வயிற்றில் வந்துவிட்டேன். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. அவள் தனித்தேர்வராக எழுதியதும், காதில் ஒயரோடு கேட்டதெல்லாம் பாடம் என்பதும் பெற்ற மகள் எனக்கே தெரியாது.

அடிப்பாவி அம்மா! பாய்ந்து கட்டிக்கொண்டேன். குலவை கடை தாண்டி மீன்காரிகள் வரைக்கும் போனது.

எல்லாம் அடங்கியபின், மெதுவாகப் போனை என் பைக்குள் தள்ளப் பார்த்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"என்னைவிடக் கம்மியா வாங்கினவளுக்குப் போன் எதுக்குடி? குடு இங்க."