முப்பத்தேழாம் எண்

ரோமில், அந்தக் காலத்தில் மனிதர்களைச் சிங்கங்களோடு மோதவிட்ட கொலோசியம் அரங்கத்தின் வாசலில், காதில் மாட்டினால் அந்த இடத்தின் கதையைச் சொல்லும் கருவியை வாடகைக்குக் கொடுப்பது என் வேலை. அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டுதான் கொடுப்போம். கருவி திரும்பி வந்தால் அட்டையும் திரும்பிப் போகும்.

ரோம்காரர்கள் யாரும் உள்ளே வருவதில்லை, அப்படியொரு திமிர். என் மகன் சவேரியோவை எத்தனையோ முறை கூப்பிட்டேன். "அது எங்கம்மா ஓடிப்போகப் போவுது? அப்புறமா பாத்துக்கறேன்" என்பான். மூன்று வருடத்துக்கு முன் ஸ்கூட்டர் விபத்தில் இறந்தான். இருபத்திரண்டு வயது.

நேற்று மாலை மூடும்போது முப்பத்தேழாம் எண் கருவி மட்டும் வரவில்லை. அட்டைகள் வைக்கும் அலமாரியில், அந்த எண்ணுக்கான கட்டத்தில் சவேரியோவின் அட்டை இருந்தது. ஓரத்தில் காப்பிக் கறை. சவப்பெட்டியை மூடுமுன் அவன் கோட்டுப் பையில் நான் வைத்த அதே அட்டை.

காவலாளி துய்லியோ எட்டிப் பார்த்தான். "ஒருத்தன் பாக்கியா? சிங்கம் தின்னுடுச்சு போல. பேரைச் சொல்லுக்கா, மைக்குல கூப்பிடறேன்."

அட்டையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"கூப்பிடாத துய்லியோ. இப்பதான் வந்திருக்கான். மெதுவா பாக்கட்டும்."