முழுசா கேட்டவர்

"எ... எ... எனக்கு ஒரு பே... பே..."

"பேனாவா, பேப்பரா? சட்டுனு சொல்லும்மா, பின்னாடி ஆள் நிக்குதில்ல!" கடைக்காரம்மா இரண்டையும் எடுத்து மேஜைமேல் போட்டாள். அந்தப் பெண் கேட்க வந்ததோ பேட்டரி.

மருந்துக்கடையில், "நல்லா மூச்சை இழுத்து விட்டுட்டுப் பேசும்மா" என்று கேட்காமலே வைத்தியம் சொன்னார்கள். பஸ் விசாரணை ஜன்னலில் இருந்தவர், பாதி வார்த்தையிலேயே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாய் திக்கினால் என்ன கதி என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

அவளுக்கு எரிச்சலில் அழுகையே வந்தது. "யாராவது ஒருத்தர் உன்னை முழுசா பேசவிடணும். அதுவரைக்கும் கிளினிக் பக்கம் வராதே" என்று பேராசிரியை கறாராகச் சொல்லியிருந்தார். பேச்சுப் பயிற்சி கிளினிக்கில் நாளைக்குத்தான் அவளுக்கு முதல் நாள்.

கடைசியாக ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. முன்னால் நின்றவர், "எப்பண்ணே ரெடியாகும்?" என்றார். கடைக்காரர் காலண்டரில் ஒரு தேதியைத் தொட்டுக் காட்ட, வந்தவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இந்த ஆளும் வள்ளென்று விழத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பித்தாள். "அ... அண்ணே... வா... வா... வாட்சுக்கு..."

அவர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"...பே... பேட்டரி மா... மாத்தணும்."

முடித்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு. தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலையே அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ரொம்ப தேங்க்ஸ்ண்ணே!" என்று கடகடவென்று கொட்டினாள். "எனக்குத் திக்கவெல்லாம் செய்யாது. நான் யுனிவர்சிட்டில பேச்சு சிகிச்சை படிக்கிறேன். திக்கிப் பேசறவங்க படற பாடு எங்களுக்குப் புரியணுமாம், ஒரு நாள் நடிச்சுப் பார்க்கச் சொன்னாங்க. காலையிலேர்ந்து உயிரை வாங்கிட்டாங்கண்ணே! அப்பாடா, எனக்கு முடிஞ்சிருச்சு."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"எ... எ... எனக்கு எப்பம்மா மு... முடியும்?"