சிவப்புப் பூட்டு

"எல்லாம் பச்சை. உன்னோடது மட்டும் சிவப்பு. ஏன் மக்கா இப்படி அடம்பிடிக்கே?"

கல்லூரி நூலகர் செல்வதாஸ் கம்ப்யூட்டர் திரையை இளம் ஆசிரியை ஜாஸ்மி பக்கம் திருப்பினார்.

ஆசிரியர்கள் எழுதிய ஆய்வுகளை யார் வேண்டுமானாலும் சும்மா படிக்கும்படி கல்லூரி இணையதளத்தில் திறந்து வைக்க வேண்டும். ஓப்பன் ஆக்சஸ். திறந்துவிட்டால் பச்சைப் பூட்டு, இல்லையென்றால் சிவப்பு. எத்தனை பச்சை ஆச்சு என்று முதல்வர் பொன்னுலிங்கம் தினமும் கேட்டு உயிரை வாங்குகிறார்.

"உன் சம்மதம் இல்லாம நான் திறக்க முடியாது. ஒரு டிக் போடு, போதும்."

"வேண்டாம் சார்."

"வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரம் பண்ற கூட்டம். சிவப்பு நின்னா உன் பேரை எடுத்துருவேன்னு முதல்வர் சொல்லியாச்சு."

"தெரியும் சார்."

செல்வதாஸுக்குச் சுள்ளென்று ஏறியது.

"குளச்சல் மீனவங்ககிட்ட கேட்டுக் கேட்டு எழுதி டாக்டர் பட்டம் வாங்கின. அவங்க அதைப் படிக்கக் கூடாதாக்கும்! நல்லாருக்கு உன் நியாயம்!"

ஜாஸ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போனாள்.

நல்ல பிள்ளை, வீம்பால் வேலையைத் தொலைக்கிறதே என்று மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலமே குளச்சலுக்கு பஸ் ஏறிவிட்டார். ஜாஸ்மி வார்த்தைக்கு வார்த்தை சொல்லும் மீனவர் கிளீட்டஸ், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னதையெல்லாம் எழுதி ஜாஸ்மி பூட்டி வச்சிருக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா திறப்பா. இல்லன்னா அவ வேலை போயிரும்."

"வேலை போயிருமா? அந்தப் பிள்ள எங்ககிட்ட மூச்சு விடலியே!" கிளீட்டஸ் பதறிப்போனார். "பூட்டச் சொன்னது நாங்கதான் சாரே."

"நீங்களா?"

"கரையில உள்ள கோயில் கோபுரத்தையும் மலையையும் நேர் பாத்துத்தான் கடலுக்கடியில மீன் அடையிற பாறையைக் கண்டுபிடிக்கோம். கணியம்னு சொல்லுவோம். அத்தனையும் அதுல இருக்கு. ஊருக்கே திறந்து விட்டா, பெரிய போட்டுக்காரன் வந்து வழிச்சிட்டுப் போயிருவான். பொறவு எங்க பிள்ளைங்க என்னத்தத் திங்கும்?"

"அட, இதை முதல்வர்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, எந்தப் பாறைன்னுதான முதல்ல கேப்பாவ?"

செல்வதாஸின் நாக்கு நுனியிலும் அந்தக் கேள்விதான் நின்றது.

"இருந்தாலும், நீங்களும் படிக்க முடியாம போச்சே கிளீட்டஸ்."

"யாரு சொன்னா? ஞாயித்துக்கிழமை தோறும் இங்கன வந்து உக்காந்து, மொத்தத்தையும் எங்களுக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டிட்டா. தப்பெல்லாம் நாங்கதான் திருத்திக் குடுத்தோம்."

கிளீட்டஸ் வலையைக் கீழே வைத்தார்.

"அவ வேலைக்கு இடைஞ்சல்னா திறக்கச் சொல்லுங்க சாரே. நாங்க வேற பாறை தேடிக்கிடுதோம்."

"வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு செல்வதாஸ் பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முதல்வர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன செல்வதாஸ், ஜாஸ்மியோடது இன்னும் சிவப்பாவே நிக்கு?"

"கம்ப்யூட்டருக்கு விவரம் பத்தல சார். படிக்க வேண்டியவங்களுக்கு அது எப்பவோ திறந்தாச்சு. பச்சைன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."